வலி நின்றுவிட்டது, பலகையில் ஏறலாமா?

கேள்வி: நான் மதுரை திருநகரில் வசிக்கும் கல்லூரி மாணவன். இடது காலை முன்வைத்து ஸ்கேட்போர்டு ஆடுபவன். நான்கு மாதங்களுக்கு முன் 'ஆலி' (பலகையோடு எம்பித் தாவும் வித்தை) தாவி இறங்கியபோது இடது பாதம் உட்புறமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்க ஜவ்வு பாதி கிழிந்துவிட்டது. பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளை வலி இருந்தவரை செய்தேன்; பிறகு நிறுத்திவிட்டேன். சென்ற மாதம் மறுபடியும் ஆடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அதே இடம் பிசகிவிட்டது. இனி அந்தப் பலகையே வேண்டாம் என்கிறார் அம்மா. எத்தனை நாளில் நான் திரும்ப ஆடலாம்?

பதில்: திரும்ப ஆடலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நாள்காட்டி அன்று, உங்கள் கால். வலி நின்றதாலேயே தசைநார் (நீங்கள் சொல்லும் ஜவ்வு) பழைய உறுதியை அடைந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. கிழிந்த இடம் கூடிய பிறகும், அதன் இழைகள் இழுவிசையைத் தாங்கும்படி சீரமையப் பல மாதங்கள் ஆகும். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை, நாம் குனிந்து பார்க்காமலேயே மூளைக்குத் தெரிவிக்கும் நரம்பு முனைகளும் அந்தத் தசைநாரில் உண்டு. அவை பாதிக்கப்படும்போது, சரியும் பாதத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய வெளிப்பக்கத் தசைகள் சற்றுத் தாமதமாகவே இயங்குகின்றன. ஒருமுறை பிசகிய கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் ஆட்டமோ இந்தக் குறையைத்தான் நேராகச் சோதிக்கிறது. வலது காலால் தரையை உந்தும் ஒவ்வொரு முறையும், ஓடும் பலகையின் மேல் உடல் எடையைத் தனியே தாங்குவது இடது கால்தான். ஆலியில் பின்கால் பலகையின் வாலை அடித்ததும், முன்பாதம் தன் வெளிவிளிம்பால் பலகையை உரசிக்கொண்டு முன்னே நகர வேண்டியிருப்பதால், கணுக்காலைப் பிசகவைத்த அதே திசையில் நீங்களே பாதத்தை மடக்குகிறீர்கள். வலியின்றி நடப்பதை வைத்து இதற்குத் தகுதி வந்துவிட்டதென்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது முறை பிசகியிருப்பதால், முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காலை மீண்டும் ஒருமுறை காட்டுங்கள்; செலவு தடையென்றால் அரசு இராசாசி மருத்துவமனையிலும் இயன்முறை சிகிச்சை உண்டு. பிறகு, ரப்பர் பட்டையை மாட்டிப் பாதத்தை வெளிப்புறமாக இழுப்பது, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவது, ஒற்றைக் காலில் நிற்பது ஆகியவற்றை அவர் சொல்லும் அளவில் தொடருங்கள். இவற்றில் நிற்கும் பயிற்சிதான் பலருக்கும் சலித்துப்போகிறது. என் கருத்தில் அதுவே உங்களுக்கு மிக முக்கியம். முதலில் தரையில் 30 விநாடி, பின்பு கண்ணை மூடி, அதன்பின் தலையணை மேல் என்று கடினமாக்கிக்கொண்டே போகலாம். ஞாயிறன்று ஒரு மணி நேரம் செய்து மற்ற நாள்களில் விட்டுவிடுவதைவிட, நாள்தோறும் பத்து நிமிடம் செய்வது மேல்.

ஒற்றைக் காலால் குதிகாலை உயர்த்தும் எண்ணிக்கையும், ஒற்றைக் காலில் தாவும் தூரமும் நல்ல காலின் அளவில் குறைந்தது 90 விழுக்காட்டை எட்டி, மறுநாள் காலையில் வீக்கமும் இல்லையென்றால், பலகையை எடுக்கலாம். முதலில் கால்மிதியின் மேல் அசையாத பலகையில் நின்று பழகுங்கள், பிறகு சமதளத்தில் உருட்டுங்கள், ஆலி கடைசியில்தான். தெப்பக்குளத்தைச் சுற்றி மாலையில் கூட்டம் மிகுதி. சிறு கல் பட்டாலே நின்றுவிடும் சக்கரங்களோடு அங்கே போக வேண்டாம். தொடக்க மாதங்களில் கயிறு கட்டும் கணுக்கால் உறையை அணிவது மறுபடியும் பிசகும் வாய்ப்பைக் குறைக்கும். ஆனால் அதை நம்பிப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே ஸ்கேட்போர்டு ஒரு போட்டியாகச் சேர்க்கப்பட்டுவிட்டதை அம்மாவிடம் சொல்லலாம். தலைக்கவசத்தைக் காட்டிவிட்டுச் சொல்வது நல்லது.

ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மூட்டுக்குள் ஏதோ சிக்கிக்கொள்வதுபோல் இருந்தாலோ, நடக்கும்போதே கால் நழுவினாலோ, குருத்தெலும்பு அடிபட்டிருக்கக்கூடும். அப்படியானால் பலகையைத் தொடாமல் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள், தேவையென்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்.