வாசகர் கேள்வி – பதில்: பேரிடரில் தொலைத்தொடர்பு

கேள்வி: பினாங்கின் பாயான் லெப்பாஸில் உள்ள மின்னணு நிறுவனம் ஒன்றில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். பேரிடர்க் காலத்தில் தொலைத்தொடர்பு வசதி செய்துதரும் தன்னார்வக் குழு ஒன்றை ஊழியர்களைக் கொண்டே அமைக்க எங்கள் நிர்வாகம் எண்ணுகிறது. தொழிற்சாலைக்குள் வேலை பார்த்துப் பழகிய எங்களால் களத்தில் உண்மையாகவே பயன் இருக்குமா?

பதில்: பெரிதும் இருக்கும், ஆனால் உங்களை அனுப்பிவைக்க நிர்வாகம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். எரிக்சன் தொலைத்தொடர்பு நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய 'எரிக்சன் ரெஸ்பான்ஸ்' குழுவில் இருப்பவர்கள் அந்நிறுவனத்தின் ஊழியர்களே. மற்ற நாள்களில் வழக்கமான வேலையைப் பார்க்கும் அவர்கள், அழைப்பு வந்ததும், உலக உணவுத் திட்டத்தின் தலைமையில் இயங்கும் ஐ.நா. அவசரத் தொலைத்தொடர்புக் குழுமத்தோடு இணைந்து புறப்படுகிறார்கள். 2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸைச் சிதைத்தபோதும் அப்படித்தான் சென்றார்கள். வோடஃபோன் அறக்கட்டளை, சுமார் 11 கிலோ எடையில் முதுகில் சுமந்து சென்று, கைப்பேசிக் கோபுரம் போலப் பயன்படுத்தக்கூடிய சிறு நிலையம் ஒன்றையே உருவாக்கியிருக்கிறது. புயல் அடித்து ஓய்ந்த பிறகு விடுப்புக்கு விண்ணப்பித்து, ஷிப்டுக்கு மாற்று ஆள் தேடி, காப்புறுதி யார் கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தால், மிகவும் தேவைப்படும் முதல் சில நாள்கள் கைநழுவிப் போய்விடும்.

களத்து வேலையில் பெரும்பகுதி உடலுழைப்புதான். பெட்டிகளைத் தூக்க வேண்டும். மரமோ கட்டடமோ மறைக்காத இடமாகப் பார்த்துச் செயற்கைக்கோள் டிஷ்ஷை நிறுத்த வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் அனுப்ப வேண்டிய மருந்துப் பட்டியல் நகராமல் நிற்கும் வேளையில் யாரோ ஒருவர் காணொளி பார்த்துக்கொண்டிருந்தால், அந்த இணைப்பைத் துண்டிக்கும் உறுதியும் வேண்டும். நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. குளிர்நாடுகளில் சிக்கலின்றி இயங்கும் கேயூ (Ku) என்ற உயர் அலைவரிசைச் செயற்கைக்கோள் இணைப்பு, நம் ஊர் அடைமழையில் மங்கிவிடும். வெள்ளத்துக்கென்று போகிறவர்கள், மழையைத் தாக்குப்பிடிக்கும் எல் (L) என்ற தாழ் அலைவரிசையில் இயங்கும் சிறு கருவி ஒன்றையாவது உடன் கொண்டுசெல்வது நல்லது. அதன் வேகம் குறைவு என்றாலும் அது கைவிடாது. உங்களைப் போன்ற பொறியாளர்கள் இதையெல்லாம் தொழிற்சாலை வளாகத்திலேயே, கொட்டும் மழையில் நின்று பழகிப் பார்க்கலாம்.

வெளிநாட்டுக்குச் செல்வதாக இருந்தால் கருவிகளுக்குச் சுங்க அனுமதியும் அலைவரிசை உரிமமும் தேவைப்படும். இந்தத் தடைகளைத் தளர்த்துவதற்காகவே 1998இல் உருவான தம்பெரே உடன்படிக்கை 2005இல் நடப்புக்கு வந்தது. ஆயினும் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்துவிடவில்லை. எனவே தனியாகக் கிளம்பாமல், ஏற்கெனவே களத்தில் இருக்கும் ஓர் அமைப்பின் வழியாகச் செல்லுங்கள்.

கேள்வி: 2017 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வட்டாரத்தில் கைப்பேசிக் கோபுரம் எதுவும் விழவில்லை. பிறகு ஏன் தொடர்பு அறுந்துபோனது?

பதில்: கோபுரம் நின்றாலும் அதற்கு மின்சாரம் வேண்டுமே! மின்சாரம் நின்றால் அடியில் உள்ள மின்கலம் சில மணி நேரம்தான் தாங்கும். ஜெனரேட்டர் இருந்தாலும் வெள்ளம் சூழ்ந்த சாலையில் எண்ணெய் கொண்டுபோக முடியாது. இதற்கிடையே ஊரே ஒரே நேரத்தில் அழைப்பதால் நெரிசலும் சேர்ந்துகொள்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் அழைப்பதைவிடக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அது சிறு இடைவெளி கிடைத்தாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த வெள்ளத்தின்போது செபராங் பிறையில் நிவாரண மையமாக மாறியிருந்த ஒரு பள்ளி மண்டபத்துக்குச் சென்றிருந்தேன். ஒரே மின்நீட்டிப்புப் பலகையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கைப்பேசிகள் கிடந்தன. நனைந்து அணைந்துபோன கைப்பேசியை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவரிடம், "மகள் நம்பரைச் சொல்லுங்கம்மா, என் போனில் கூப்பிடுகிறேன்" என்றேன். "எல்லாம் இதுக்குள்ளதான்யா இருக்கு" என்றார். அன்று இரவே என் வீட்டார் எல்லாருக்கும் நான்கு எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் இன்றே எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். எந்த நிறுவனத்தையும் சாராத நான் இதில் என்ன செய்ய முடியும்?

பதில்: அமெச்சூர் வானொலி, அதாவது உரிமம் பெற்ற தனிநபர்கள் சொந்தக் கருவியில் ஒருவரோடொருவர் பேசும் வானொலி, உங்களுக்கு ஏற்றது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, அங்கிருந்து அமெச்சூர் வானொலியில் பேசுவதற்காக அந்தமானுக்கு வந்திருந்த, இந்தியாவைச் சேர்ந்த பாரதி பிரசாத் குழுவினர், போர்ட் பிளேரிலிருந்து தம் கருவிகள் மூலம் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பி, உறவுகளைத் தேடித் தவித்தவர்களுக்குத் துணை நின்றார்கள். நம் நாட்டில் இதற்கான தேர்வை மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் நடத்துகிறது. தொடக்க நிலைக்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. தேர்ச்சி பெற்று, உரிய சான்றும், வானொலியில் உங்களை அடையாளம் காட்டும் அழைப்புக் குறியும் கிடைத்த பின்னரே ஒலிபரப்பத் தொடங்குங்கள்; அதுவரை அனுபவமுள்ளவர்கள் பேசுவதைக் கேட்டுப் பழகுங்கள்.