"ஞாபகம் இல்லை" என்று சாட்சி சொன்ன மேலதிகாரிகள் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டனுக்கு வெளியே கடையோடு சேர்ந்த சின்னத் தபால் கந்தோர் ஒன்றை நடத்தினவர். 2004 இல் கணக்கில் 23,000 பவுண் குறைகிறது என்று சொல்லி, திருட்டு, பொய்க்கணக்கு என்று இரண்டு குற்றச்சாட்டுப் போட்டார்கள். பொய்க்கணக்கை ஒப்புக்கொண்டால் திருட்டை விடுகிறோம் என்றார்கள். அப்பா ஒப்புக்கொண்டார். 180 மணி நேரம் சமூக சேவை. காசையும் கட்டினோம், அம்மாவின் நகையும் போனது. 2019 இல் அப்பா இறந்துவிட்டார். ஹொரைசன் என்ற கணக்குக் கணினியின் பிழையால் தபாலதிபர்கள் தண்டிக்கப்பட்டது பற்றிய பொது விசாரணையில் போஸ்ட் ஒஃபிஸின் பெரிய பெரிய ஆட்கள் வந்து "ஞாபகம் இல்லை", "எனக்குச் சொல்லவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனதைப் பார்த்தேன். இவர்களில் ஒருவர்கூடத் தனிப்பட பொறுப்பாக மாட்டாரா? நான் வழக்குப் போடலாமா?
— ஒரு வாசகி, ஹரோ

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு ஆண்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2004, 2019. நீங்கள் பார்த்த முகங்களில் மிகப் பிரபலமானவர் போலா வெனல்ஸ். 2024 மே 22 முதல் 24 வரை மூன்று நாள் சாட்சியம் சொன்னார். அவர் போஸ்ட் ஒஃபிஸில் சேர்ந்ததே 2007 இல். தலைமை நிர்வாகியாக இருந்தது 2012 முதல் 2019 வரை. அப்பா மீது வழக்குத் தொடுத்த காலத்தில் போஸ்ட் ஒஃபிஸ், ரோயல் மெயில் குழுமத்தின் கீழ் இருந்தது. வழக்குத் தொடுத்த சட்டப் பிரிவும் அங்கேதான் இருந்தது. ஆகவே "அப்பாவை ஏன் வழக்கில் மாட்டினீர்கள்" என்ற கேள்விக்கு வெனல்ஸ் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் இல்லை. அந்தக் கேள்வி 2004 இன் கோப்பில் கையெழுத்திட்ட புலனாய்வாளருக்கும் சட்டத்தரணிக்கும் உரியது.

2012 க்குப் பின் வந்தவர்களிடம் கேட்க வேண்டியது வேறு. 2013 யூலை 15 அன்று சைமன் கிளார்க் என்ற பாரிஸ்டர் போஸ்ட் ஒஃபிஸுக்கு எழுத்தில் ஆலோசனை கொடுத்தார். ஹொரைசனைச் செய்த ஃபுஜிட்சு நிறுவனத்தின் பொறியியலாளர் கரெத் ஜென்கின்ஸ் ஹொரைசனில் இருந்த பிழைகளைத் தெரிந்திருந்தும் நீதிமன்றங்களுக்குச் சொல்லவில்லை, அவருடைய சாட்சியத்தை இனி நம்ப முடியாது என்பது அதன் சாரம். அடுத்த மாதம் 2 ஆம் திகதி இன்னொன்று எழுதினார். ஹொரைசன் கோளாறுகள் பற்றிய கூட்டக் குறிப்புகளைக் கிழித்தழிக்கச் சொல்லப்பட்டது பற்றியது அது. தீர்ப்புப் பெற்றவர்களுக்கு இவை 2020 நவம்பர் வரை காட்டப்படவில்லை. 2013 இல் பழைய வழக்குகளை மீள்பரிசீலனை செய்தார்கள்தான். ஆனால் 2010 சனவரி 1 க்குப் பிந்தியவற்றை மட்டும். அப்பாவின் 2004 வழக்கு அந்தச் சல்லடைக்கே போகவில்லை. அவர் அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஒருவரின் தண்டனையில் சந்தேகம் எழுப்பும் விடயம் வழக்குத் தொடுத்த தரப்பின் கைக்கு வந்தால், தீர்ப்புக்குப் பிறகும் அதை வெளிப்படுத்தும் கடமை உண்டு. உச்ச நீதிமன்றம் 2014 இல் நன் வழக்கில் இதை ஏற்றிருக்கிறது. 2010 என்ற கோட்டைப் போட்டவர் யார், அதைத் தெரிந்தும் பேசாமல் இருந்தவர் யார் என்பதுதான் உங்கள் குடும்பத்தைத் தொடும் கேள்வி.

அடுத்து, இந்த விசாரணை எதற்காக. சேர் வின் வில்லியம்ஸ் தலைமையில் 2020 இல் தொடங்கி, 2021 யூன் 1 முதல் 2005 ஆம் ஆண்டின் விசாரணைகள் சட்டத்தின் கீழ் நடந்தது. அச்சட்டத்தின் 2 ஆம் பிரிவு தெளிவானது: யாருடைய சிவில் பொறுப்பையோ குற்றப் பொறுப்பையோ தீர்மானிக்க அதற்கு அதிகாரம் இல்லை. சாட்சிகளை வரவழைக்கலாம், சத்தியப்பிரமாணம் எடுக்க வைக்கலாம், ஆவணங்களைக் கறக்கலாம். தண்டிக்க முடியாது. 22 ஆம் பிரிவின்படி, தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் மறுக்கவும் சாட்சிக்கு உரிமை உண்டு. பல சாட்சிகளுக்குத் தலைவர் தொடக்கத்திலேயே அதை ஞாபகப்படுத்தினார். சாட்சிகளின் சட்டத்தரணிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் ஊர் பார்த்திருக்கப் பதில் மறுத்தால் குற்றம் ஒப்புக்கொண்டதுபோலத் தெரியும். "ஞாபகம் இல்லை" என்றால் அப்படித் தெரியாது. அதனால்தான் அது இவ்வளவு கேட்டது.

"ஞாபகம் இல்லை" என்பதைப் பொய் என்று நிரூபிப்பது கடினம். 1911 ஆம் ஆண்டின் பொய்ச்சாட்சியச் சட்டம் விசாரணைச் சாட்சியத்துக்கும் பொருந்தும். தண்டனை ஏழு ஆண்டு வரை. ஆனால் அதன் 13 ஆம் பிரிவு ஒரே ஒரு சாட்சியின் சொல்லை மட்டும் வைத்துத் தண்டிக்கக்கூடாது என்கிறது. ஞாபகம் இருந்தது என்பதைக் காட்ட, அதே காலத்தில் அவர் எழுதிய கடிதம் வேண்டும். இந்த விசாரணையில் அப்படியானவை நிறையக் கிடைத்தன. போஸ்ட் ஒஃபிஸ் தன் சட்ட ஆலோசனைகளின் இரகசியத்தை விசாரணைக்காக விட்டுக்கொடுத்ததால், "சட்டத்தரணிகள் சொன்னபடி செய்தேன்" என்றவர்களிடம் சட்டத்தரணி சொன்னதையே எடுத்துக் காட்டிக் கேட்க முடிந்தது. ஓர் உதாரணம்: 2015 இல் நாடாளுமன்றக் குழுவுக்குப் போகுமுன் வெனல்ஸ் அனுப்பிய மின்னஞ்சலில், வெளியிலிருந்து ஹொரைசனுக்குள் நுழைய முடியுமா, உண்மையான பதில் என்ன என்று கேட்கிறார். முடியாது என்ற பதிலே வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதே மின்னஞ்சலில் இருக்கிறது. குற்றம் என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அவர் கேள்வி கேட்டார் என்பதற்கும் இதே மின்னஞ்சல்தான் சான்று. தனிப்பட்ட பொறுப்பு இப்படித்தான் நகரும்: திகதியோடு ஒரு கடிதம், அது யார் கைக்குப் போனது, அடுத்த நாள் அவர் என்ன செய்தார்.

பொலிஸ் நடத்தும் ஒப்பரேஷன் ஒலிம்பொஸ் பொய்ச்சாட்சியத்தையும் நீதியின் போக்கைத் திசைதிருப்பியதையும் தேடுகிறது. இவற்றுக்குக் காலவரம்பு இல்லை. விசாரணையின் இறுதி அறிக்கையைப் பார்க்காமல் குற்றப்பத்திரம் பற்றி முடிவெடுக்க மாட்டோம் என்று பொலிஸ் சொல்லியிருக்கிறது. இறுதி அறிக்கையும் வேகமாக வராது. யாரையாவது வெளிப்படையாகக் குறைகூற வேண்டுமானால், 2006 ஆம் ஆண்டு விசாரணை விதிகளின் 13 ஆம் விதிப்படி அவருக்கு இரகசிய எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிப் பதில் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கப் பதில்கள் வரும். கசப்பாக இருந்தாலும், எச்சரிக்கை இல்லாமல் எழுதிய குறை நீதிமன்றத்தில் நிற்காது. நீங்களாகவே தனியார் குற்றவழக்குத் தொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. போஸ்ட் ஒஃபிஸ் அப்பாமார் மீது பாவித்த அதே கதவுதான் அது. செய்யாதீர்கள். வழக்குகளை எடுத்து நடத்தவும் நிறுத்தவும் அரச வழக்குத் தொடுநருக்கு அதிகாரம் இருக்கிறது, பொலிஸ் விசாரணை நடக்கும்போது நிறுத்தவே வாய்ப்பு அதிகம். செலவு உங்கள் தலையில்.

இப்போது சிவில் வழக்கு. தீய நோக்கோடு வழக்குத் தொடுத்தமைக்கு நட்டஈடு கேட்க ஐந்து விடயங்களைக் காட்ட வேண்டும்: எதிராளிதான் வழக்கைத் தொடுத்தார், வழக்கு உங்கள் பக்கம் முடிந்தது, தொடுக்க நியாயமான காரணம் இல்லை, தீய நோக்கம் இருந்தது, சேதம் ஏற்பட்டது. இரண்டாவது இப்போது கிடைத்துவிட்டது. 2024 மே 24 அன்று நடைமுறைக்கு வந்த ஹொரைசன் குற்றங்கள் சட்டம் தகுதியான தண்டனைகளைத் தானாகவே இரத்துச் செய்தது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட நாள் 1996 செப்டம்பர் 23 க்கும் 2018 டிசம்பர் 31 க்கும் இடையில் இருக்க வேண்டும். திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு போன்றவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். கடையில் ஹொரைசன் பாவனையில் இருந்திருக்க வேண்டும். மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கெனவே பார்த்த வழக்காக இருக்கக்கூடாது. குற்றத்தை ஒப்புக்கொண்டது தடை அல்ல. இறந்தவர்களுக்கும் பொருந்தும். அப்பாவின் வழக்கு இதற்குள் விழுகிறது.

சிக்கல் இங்கேதான். 1934 ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் இறக்கும்போது அவரிடம் இருந்த வழக்குரிமைதான் அவருடைய சொத்துக்குப் போகும் என்கிறது. அப்பா 2019 இல் இறந்தார், தண்டனை 2024 இல் இரத்தானது. இறக்கும் நாளில் "வழக்கு அவர் பக்கம் முடிந்தது" என்ற கூறு இருக்கவில்லை, ஆகவே உரிமையே பிறக்கவில்லை என்று எதிர்த்தரப்பு முதல் நாளே வாதாடும். சும்மா தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல அது. இன்னொன்று: விசாரணை அறிக்கையின் முடிவுகளைச் சிவில் வழக்கில் சான்றாக வைக்க முடியாது, அவை இன்னொருவரின் கருத்து. 1943 இன் ஹொலிங்டன் தீர்ப்பிலிருந்து நிற்கும் விதி. சாட்சியப் பதிவுகளையும் மூல ஆவணங்களையும் வைக்கலாம். ஆகவே தலைவர் என்ன சொன்னார் என்பதை வெட்டி ஒட்டி வைக்காதீர்கள். விசாரணையின் தளத்தில் ஆவணங்கள் இலக்கத்தோடு கிடக்கின்றன. அப்பாவின் வழக்கில் கையெழுத்திட்ட புலனாய்வாளரின் பெயரை, வழக்குத் தொடுப்புகளைப் பற்றிய நான்காம் கட்டச் சாட்சியங்களில் தேடிப் பாருங்கள்.

அப்பா ஏன் ஒப்புக்கொண்டார் என்பதும் வழக்கின் பகுதி. அக்காலத்தில் ஒவ்வொரு புதன்கிழமையும் வாரக் கணக்கை முடித்துக் கையெழுத்திட வேண்டும். திரையில் ஹொரைசன் காட்டும் தொகை லாச்சியில் இல்லை என்றால், உண்மையை எழுதினால் குறையைக் கட்டச் சொல்வார்கள். எழுதாமல் காசு இருப்பதுபோலக் கையெழுத்திட்டால் அது பொய்க்கணக்கு. காசு எடுக்காதவரும் இப்படி மாட்டினார். எல்லாக் குறையையும் உப தபாலதிபரே கட்ட வேண்டும் என்ற போஸ்ட் ஒஃபிஸின் நிலைப்பாடு தவறு என்று நீதியரசர் ஃபிரேசர் 2019 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னார். ஒப்பந்தம் கேட்டது அலட்சியத்தாலோ தவறாலோ வந்த குறையை மட்டுமே. திருட்டைக் கைவிட, ஹொரைசனைக் குறைசொல்லக் கூடாது என்ற நிபந்தனையும் சில வழக்குகளில் போடப்பட்டது. அப்பாவின் சொலிசிட்டருக்கு வந்த கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உங்கள் கோப்பின் முதற் பக்கம்.

பணத்துக்கான வழி, தண்டனை இரத்தானவர்களுக்கான அரசுத் திட்டம். 600,000 பவுண் நிலையான தொகையை ஏற்கலாம், அல்லது முழு மதிப்பீட்டுக்குப் போகலாம். இறந்தவரின் சொத்தும் கோரலாம், அதில் மேலே சொன்ன 1934 சிக்கல் இல்லை. தகுதி உறுதியானதும் 200,000 பவுண் முற்பணம் கிடைக்கும். நிலையான தொகையை ஏற்றால் கணக்கு முடிந்தது, பிறகு திறக்க முடியாது. கையெழுத்திடுமுன் விடுவிப்பு வாசகத்தைச் சொலிசிட்டரிடம் காட்டி, அது அரசையும் போஸ்ட் ஒஃபிஸையும் மட்டும் விடுவிக்கிறதா, அதிகாரிகளையும் சேர்த்தா என்று கேளுங்கள். உங்கள் கோபம் யார் மீது என்பதைப் பொறுத்து அந்த ஒரு வரி முக்கியம். சட்டச் செலவைத் திட்டமே நியாயமான அளவில் கொடுக்கிறது, கிடைக்கும் தொகையில் சதவீதம் கேட்பவரிடம் போகாதீர்கள். நெருங்கிய குடும்பத்தினருக்கும் நட்டஈடு வேண்டும் என்று 2025 யூலை 8 அன்று வந்த விசாரணை அறிக்கையின் முதற் தொகுதி பரிந்துரைத்திருக்கிறது. அரசு ஏற்றுக்கொண்டது. உங்களுக்கும் அம்மாவுக்கும் அது தனி வழி.

மேலதிகாரிகளில் சட்டத்தரணிகளாக இருந்தவர்களைப் பற்றிச் சொலிசிட்டர்களின் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு யாரும் முறையிடலாம், செலவில்லை. இயக்குநர் பதவி வகிக்கத் தடை கேட்கும் அதிகாரம் அமைச்சருக்குத்தான். 15 ஆண்டு வரை தடுக்கலாம். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் மூலம் எழுதினால் பதில் வந்தே ஆக வேண்டும். உண்மையைச் சொல்லும் கடமையைச் சட்டமாக்கும் மசோதா 2025 செப்டம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது, ஆனால் 2013 இல் மூடப்பட்ட அலுமாரியை அது பின்னோக்கித் திறக்காது.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆவணம் கேட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். எனவே முதல் வேலை, அம்மா பெயரில் சொத்து நிர்வாகப் பத்திரம் எடுப்பது. உயில் இல்லாவிட்டால் அவருக்கே முதல் உரிமை. அது கையில் இருந்தால்தான் நட்டஈட்டுத் திட்டமும் கோப்பும் திறக்கும். கூடவே நகை அடகுச் சீட்டு, வங்கி அறிக்கை, புதன்கிழமைக் கணக்குகளின் நகல் எது இருந்தாலும் ஒரு பெட்டியில் போடுங்கள். 23,000 பவுண் எப்போது, யாருக்கு, எந்தக் கணக்கிலிருந்து போனது என்று ஒரு தாளில் திகதிவாரியாக எழுதி மேலே வையுங்கள்.