வரலாற்றுத் துறை நடத்தும் களப்பயணமும் கருத்தரங்கும் சான்றிதழுக்கு மேல் எதையாவது தருமா?

இளங்கலை வரலாறு இரண்டாமாண்டு படிக்கும் நீங்கள், துறை அறிவித்திருக்கும் இரண்டு நாள் களப்பயணத்துக்கும் அதையடுத்து வரும் கருத்தரங்குக்கும் பணம் கட்டிப் பெயர் கொடுப்பதால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி நாட்களில் வீணாய்ப் போன பயணம் ஒன்றையும், இன்றுவரை மனத்தில் நிற்கும் பயணம் ஒன்றையும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இரண்டுக்கும் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். போவதற்கு முன் எதைப் படித்தோம், வந்தபின் யார் முன் நின்று பதில் சொன்னோம் என்பவைதாம் அவற்றை வேறுபடுத்தின.

முதலாமாண்டில் மாமல்லபுரத்தையும் காஞ்சிபுரத்தையும் ஒரே நாளில் முடித்தோம். அருச்சுனன் தவம் என்று சிலரும் கங்கை இறங்கும் காட்சி என்று சிலரும் விளக்கம் சொல்லும் அந்தப் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் எங்களுக்குக் கிடைத்தது 20 நிமிடம். அதில் பாதிக்கு மேல் குழுப் படம் எடுப்பதில் போயிற்று. ஊர் திரும்பியதும், வாயிலில் இருந்த அறிவிப்புப் பலகையை ஒருவன் எடுத்த படத்திலிருந்து வகுப்பு முழுவதும் அறிக்கை எழுதியது. எல்லோருக்கும் நல்ல மதிப்பெண் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஆண்டு புதிதாக வந்த பேராசிரியை ஒருவர் ஒரே ஊரைத் தேர்ந்தெடுத்தார்: உத்திரமேரூர். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேரும் குடவோலை முறைக்காகப் பள்ளிப் பாடத்திலிருந்தே நாம் அறிந்த ஊர் என்பதால் எங்களுக்கு அது பெரிய ஆர்வத்தைத் தரவில்லை. புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே, இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் கல்வெட்டாய்வாளர் வெங்கய்யா வெளியிட்ட கல்வெட்டுப் பாடத்தை நகலெடுத்துக் கையில் கொடுத்து, ஆளுக்குச் சில வரிகளைப் பிரித்துவிட்டார். அப்போதுதான் குடவோலைக் கல்வெட்டு என்பது ஒன்றல்ல, இரண்டு என்பதே எங்களுக்குத் தெரிந்தது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், ஒரு விதிமுறை வகுக்கப்பட்டிருக்கிறது. இரண்டே ஆண்டுகளில், 921இல், அது திருத்தப்பட்டிருக்கிறது. வாரியத்துக்கு, அதாவது ஊர்ச்சபையின் குழுவுக்கு, உரியவர் முதலாவதில் 30 வயதுக்கு மேல் 60 வயதுக்கு உட்பட்டவராகவும், இரண்டாவதில் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்க வேண்டும். பாடநூல் ஒரே பத்தியில் முடித்துவிட்ட ஒரு செய்திக்குள் இப்படி ஒரு மாற்றம் இருந்தது எனக்கு வியப்பாக இருந்தது.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரின் முன் நின்றபோது அந்த மூன்று வாரப் படிப்பின் அருமை புரிந்தது. கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் இருக்கின்றன. வடசொற்கள் வரும் இடங்களில் கிரந்த எழுத்துகள் கலந்து வருகின்றன. அச்சுப் பாடம் கையில் இல்லாதிருந்தால் ஒரு சொல்லைக்கூடப் படித்திருக்க மாட்டோம். இருந்தும், எனக்குரிய வரியைக் கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியையோ மாவையோ தேய்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. அது கல்லைக் கெடுக்கும், ஒருபோதும் செய்யாதீர்கள். டார்ச்சு விளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானாகவே எழுந்து வரும். ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுக்கப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும் என்பதால், அதைக் கல்லூரியிலேயே எழுத்து வெட்டிய பலகைக் கல் ஒன்றில் பழகினோம்.

மாலையில் ஊரிலுள்ள பெரிய ஏரிக்கு அழைத்துப் போனார். பல்லவர் காலத்திலேயே வைரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற நீர்நிலை அது. காலையில் கல்லில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் என்று படித்தோம்; கரையில் நின்று எதிர்க்கரையைத் தேடியபோது அந்த ஆறு பேருக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும் என்பது விளங்கியது. களப்பயணம் எதற்கு என்று என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது அந்த மாலைப் பொழுதைத்தான். கல்வெட்டின் பாடத்தை நூலகத்திலும் படித்துக்கொள்ளலாம். ஏரியின் அகலத்தை நூலகத்தில் அளக்க முடியாது.

இனிக் கருத்தரங்கு. குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து உணவு வேளைக்குச் சற்று முன் முதல் கட்டுரை தொடங்கும் வகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாற்பது கட்டுரைகளுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம், கேள்விக்கு நேரமில்லை, கட்டுரைத் தொகுப்பு மட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு முன்பே அச்சாகியிருக்கும். கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கும் நாக் மதிப்பீட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நெருக்கடி துறைகளுக்கு இருக்கிறது, ஆகவே ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

எங்கள் பேராசிரியை அந்தப் பெரிய அரங்குக்கு முன்பாக, வகுப்பறையிலேயே துறை அளவில் ஒன்றை நடத்தினார். எட்டுக் கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம், கேள்விக்கு மேலும் 15 நிமிடம். நான் உத்திரமேரூரை மக்களாட்சியின் முன்மாதிரி என்று உற்சாகமாக வாசித்தேன். 30 குடும்புகள் (ஊரின் பகுதிகள்), ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஓலைகள், குடத்திலிருந்து ஓலையை எடுப்பதற்கு உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். பொருளியல் துறையிலிருந்து வந்திருந்த ஆசிரியர் ஒருவர், “தம்பி, அந்தக் குடத்துக்குள் யார் யார் பெயர் போகும்?” என்று மட்டும் கேட்டார். வரி செலுத்தும் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவர் பெயர். ஒரு வேதமும் ஒரு பாடியமும் (உரைநூலும்) கற்று விளக்கக் கூடியவருக்கு அரைக்கால் வேலி போதும். விடை என் கையிலிருந்த தாளிலேயே இருந்தது; அதைப் படித்துக்கொண்டே என் தலைப்பு சரிவதைப் பார்த்தேன். சதுர்வேதிமங்கலம் எனப்படும் பிராமணர் ஊர் ஒன்றின் நிலவுடைமையாளர் சபை அது. அந்த ஊரில் உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. வயது வரம்பு ஏன் உயர்ந்தது என்ற அடுத்த கேள்விக்கு, முதிர்ச்சி கருதி என்று சமாளித்தேன். “அது எந்த வரியில் இருக்கிறது?” என்றார். தீயோர் கெட்டு நல்லோர் வளர வேண்டும் என்று பொதுப்பட ஒரு நோக்கம் வருகிறதே தவிர, நான் சொன்ன காரணம் எந்த வரியிலும் இல்லை. கட்டுரையைப் பாதிக்கு மேல் மாற்றி எழுதினேன். அந்த முப்பது நிமிடம் ஒரு பருவத் தேர்வை விட எனக்கு அதிகம் கற்றுத் தந்தது என்பேன்.

ஆகவே பெயர் கொடுங்கள். கொடுக்கும்போதே பயணத்தில் எத்தனை இடங்கள், கருத்தரங்கில் உங்கள் கட்டுரைக்குக் கேள்வி நேரம் உண்டா என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் ஏழு இடம் என்று பட்டியல் வந்தால், அவற்றில் ஒன்றை மட்டும் உங்களுடையதாகத் தேர்ந்தெடுத்து, அதன் கல்வெட்டுப் பாடத்தையோ அகழாய்வு அறிக்கையையோ முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். மற்ற ஆறு இடங்களிலும் பேருந்திலேயே தூங்கினால்கூடப் பெரிய நட்டம் இல்லை.