ஆயிரம் மேசை, ஒரே கிளாஸ்

வாசகர் கேள்வி – பதில்

பாரிஸில் போர்ட் தெ வெர்சாய் கண்காட்சிக் கூடத்தில் நவம்பர் கடைசியில் 'வின்யரோன் அந்தெபாந்தான்' ஒயின் சந்தை கூடும். சொந்தத் தோட்டத்துத் திராட்சையைத் தாங்களே பிழிந்து, புளிக்கவைத்து, புட்டியில் அடைத்து விற்கும் விவசாயிகளுக்கான சந்தை இது. தோளில் பீப்பாய் சுமக்கும் மனிதர்தான் அவர்களுடைய சின்னம். அங்கே போக நினைப்பவர்களிடமிருந்தும், போய்வந்து குழம்பியவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளில் சில:

முதல்முறை போகிறேன். ஆயிரம் மேசை இருக்கும் என்கிறார்கள். எங்கே தொடங்குவது?
– வாசகி, லா கூர்நெவ்

வாசலுக்கு எதிரே கண்ணில் படும் மேசையில் மட்டும் தொடங்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள்.

ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பவர் நாலைந்து வகை ஊற்றித் தருவார். பத்து மேசை என்றால் நாற்பது, ஐம்பது வாய் ஆகிவிடும். பழகாத நாக்குக்கு ஒரு நாளில் அதற்கு மேல் தாங்காது. ஆகவே பத்து முதல் பன்னிரண்டு மேசைகளை வீட்டிலேயே தேர்ந்து, எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வார நாளில் கதவு திறக்கும் நேரம் உத்தமம். சனிக்கிழமை மதியம் போனால் விவசாயியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது.

எதை வைத்துத் தேர்வது? ஒரே ஒரு திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு லுவார் ஆற்றங்கரையின் ஷெனன். வூவ்ரே, மோன்லூயி, சோமூர், சவென்னியேர் என நான்கு ஊர்களிலும் அதே திராட்சைதான். வூவ்ரேயிலும் சோமூரிலும் கீழே மென்மையான சுண்ணாம்புக்கல். சவென்னியேரில் தகடு தகடாக உரியும் ஷிஸ்ட் பாறை. ஆறேழு பேருடைய ஷெனனை அடுத்தடுத்து வாயில் வைத்தால், மூன்றாவது மேசையிலேயே சராசரி எது என்று நாக்குக்குப் பிடிபட்டுவிடும். அதன்பிறகு தனித்து நிற்பது தானாகத் தெரியும். ஷாம்பெயின், போர்தோ, அல்சாஸ் என்று தாவித் தாவிக் குடிப்பவருக்கு எதையும் எதோடும் ஒப்பிட வழியில்லை.

அறுவடை ஆண்டையும் கேளுங்கள். 2021 ஏப்ரலில் உறைபனி மொட்டுகளைக் கருக்கியது. அந்த ஆண்டு ஒயின்களில் பொதுவாகப் புளிப்பு தூக்கல், ஆல்கஹால் குறைவு. 2022 வெயிலும் வறட்சியுமான ஆண்டு. ஒயின் கனமாக இருக்கும். ஒருவருடைய 2021-ஐயும் இன்னொருவருடைய 2022-ஐயும் பக்கத்தில் வைத்து யார் கெட்டிக்காரர் என்று தீர்ப்பு சொல்வது நியாயமல்ல.

இன்னொன்று: விலைப்பட்டியலின் அடியில் இருப்பதை முதலில் கேளுங்கள். மலிவான ஒயினைச் சுத்தமாகவும் சமநிலையாகவும் செய்பவர் தோட்டத்தில் வேலை பார்க்கிறார் என்று அர்த்தம். விலை ஏறிய புட்டியில் புது ஓக் பீப்பாயின் வாசனை பல குறைகளை மூடிவிடும்.

பத்தாவது கிளாஸுக்குப் பிறகு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே?
– வாசகர், சர்செல்

இரண்டு காரணங்கள். ஒன்று ஆல்கஹால், மற்றது துவர்ப்பு.

சிவப்பு ஒயினில் உள்ள டானின், உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்துத் திரளச் செய்கிறது. நாக்கின் வழுவழுப்பு போய், வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தது போல் ஆகிவிடும். எச்சில் மறுபடி ஊறுவதற்குள் அடுத்த கிளாஸை வைத்தால், பழைய துவர்ப்பின் மேல் புதுத் துவர்ப்பு ஏறி உட்காரும். பாவம், பதினோராவது விவசாயியின் தப்பே இல்லை, அவருக்குக் கெட்ட பெயர். மதிரானின் தனா, காஓரின் மால்பெக் போன்ற முரட்டுச் சிவப்புகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நுரைக்கும் ஒயின், இனிப்பில்லாத வெள்ளை, ரோசே, லேசான சிவப்பு, துவர்ப்புச் சிவப்பு, இனிப்பு – இதுவே பொதுவான வரிசை. பர்கண்டிக்காரர்கள் சிலர் சிவப்பை முதலில் ஊற்றி வெள்ளையைப் பிறகு தருவார்கள். அவர்கள் மேசையில் அவர்கள் வரிசைப்படியே போங்கள்.

நாலு மேசைக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் குடித்து, வெறும் ரொட்டி தின்னுங்கள். சீஸ் வேண்டாம், அதன் கொழுப்பும் உப்பும் சுமாரான சிவப்பையும் நல்லதாகக் காட்டிவிடும். காலையில் காரச் சட்னியோ, புதினா பற்பசையோ, புறப்படும்முன் காபியோ இருந்தால் முதல் மூன்று மேசை வீண். செண்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். கெடுவது உங்கள் மூக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருடையதும்.

கிளாஸைத் தண்ணீரில் அலசினால் தங்கும் சொட்டுகள் அடுத்ததை நீர்க்கச் செய்யும். அடுத்து ஊற்றப்போகும் ஒயினிலேயே ஒரு சிட்டிகை அளவு கேட்டுச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள்.

ருசித்த ஒயினை விவசாயிகள் எதிரிலேயே துப்புவது மரியாதைக்குறைவு இல்லையா?
– வாசகி, புதுச்சேரி

இல்லை. மேசைமேல் படிக்கம் வைத்திருப்பதே அதற்காகத்தான். துப்புகிறவரைத்தான் 'இவர் ருசிக்க வந்தவர்' என்று கணக்கில் எடுப்பார்கள். ஒரு ஊற்று 4 சென்டிலிட்டர் என்று வைத்தால் நாற்பது ஊற்று 160 சென்டிலிட்டர். அதாவது இரண்டு முழு புட்டிக்கும் மேல். துப்பினாலும் கொஞ்சம் உடம்பில் சேரத்தான் செய்யும். பிரான்ஸில் வண்டியோட்ட ரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமுக்குக் குறைவு, புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2 கிராமுக்குக் குறைவு. மெட்ரோவில் போங்கள்: லா ஷப்பல் பக்கம் இருப்பவர்கள் மார்க்ஸ் டோர்முவாவில் 12ஆம் தடத்தில் ஏறினால் மாறாமல் போர்ட் தெ வெர்சாயில் இறங்கலாம்.

வாயில் வைத்ததை உடனே துப்பாதீர்கள். ஐந்து விநாடி நாக்கு முழுக்க உருட்டி, உதட்டோரமாகக் கொஞ்சம் காற்றை உறிஞ்சிவிட்டுத் துப்புங்கள். பிறகு சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள்.

சந்தையில் அசத்திய ஒயின், வீட்டில் திறந்தால் அரைக் கிளாஸுக்கு மேல் இறங்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், எவ்ரி

யாரும் ஏமாற்றவில்லை. ஒரு வாய் ருசிக்கும் ஒயின் வேறு, சாப்பாட்டோடு ஒரு புட்டி முடிக்கும் ஒயின் வேறு.

நாற்பது ஒயின்கள் வரிசையில் நிற்கும்போது காதில் விழுவது உரக்கப் பேசுபவை: ஓக் மரத்தின் வனிலா வாசனை, கொஞ்சம் எஞ்சிய சர்க்கரை, 14.5 சதவீத ஆல்கஹால். களைத்த நாக்குக்கு இவைதான் 'ஆஹா' என்று படும். வீட்டில் இரண்டாவது கிளாஸில் அதே வனிலா திகட்டும், அதே ஆல்கஹால் தொண்டையில் சுடும். மெல்லிய போஜொலேயும் மஸ்கதேயும் அந்த இரைச்சலில் காணாமல் போகும். ஆனால் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முதலில் காலியாகும் புட்டி பெரும்பாலும் இந்த மெல்லிய வகைதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். ஒவ்வொரு ஒயினுக்கும் ஒரு சொல்லும், பத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் எழுதுங்கள். லேபிளைப் படம் பிடிக்கும்போது மேசை எண்ணும் படத்தில் வரட்டும். இல்லையென்றால் மாலையில் முப்பது லேபிள் படங்களோடு நடு வழியில் நிற்பீர்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தபின், எட்டு மதிப்பெண்ணுக்கு மேல் பெற்ற நாலைந்தை மட்டும் திரும்பப் போய் ருசியுங்கள். இந்த முறை கிளாஸோடு ஓரமாக ஒதுங்கி, பத்து நிமிடம் மெதுவாக. பாதிக்குப் பாதி அடிபட்டுவிடும். மிஞ்சுவதுதான் உங்களுடையது.

வெப்பநிலையும் குழப்பும். கூட்டத்தில் கூடம் சூடேறும். 20 டிகிரியைத் தாண்டிய சிவப்பில் ஆல்கஹால் முந்திக்கொண்டு நிற்கும். ஐஸிலிருந்து எடுத்த வெள்ளையில் வாசனை வெளிவராது, குறையும் தெரியாது. கிளாஸின் வயிற்றை உள்ளங்கையில் ஓரிரு நிமிடம் பொத்திவைத்து மறுபடி முகருங்கள். புட்டி எப்போது திறந்தது என்றும் கேட்கலாம். நேற்றுத் திறந்தது என்றால் புதிதாகத் திறக்கும்போது வந்து ருசியுங்கள்.

எது பழுது, எது அந்த ஒயினின் குணம்?
– வாசகர், சென்னை

ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெடுத்தது. மெதுவாகச் சொல்லுங்கள், வேறு புட்டி திறப்பார்கள். தீக்குச்சி உரசிய வாசனை என்றால் கிளாஸைச் சுழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். கெடாமல் காக்கும் சல்ஃபைட் சேர்க்காத ஒயின்கள் சிலவற்றில் 'எலி வாடை' உண்டு. மூக்குக்குத் தெரியாது, எச்சிலோடு கலந்து புளிப்பு குறைந்தபின் சில விநாடி கழித்து வாயில் எழும். அதனால்தான் துப்பிய பிறகும் எண்ணச் சொன்னேன்.

ஜூராவின் வான் ஜோன் மட்டும் விதிவிலக்கு. அறுவடைக்குப்பின் ஆறு ஆண்டும் மூன்று மாதமும் குறையாமல் காத்திருந்து, பீப்பாயில் ஈஸ்ட் ஆடைக்கு அடியில் முதிர்ந்து, 62 சென்டிலிட்டர் புட்டியில் வருவது. அக்ரோட்டும் வெந்தயமும் மணக்கும். கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். கோழிக்குழம்போடு இதற்கு ஈடு இல்லை.

நம் காரச் சாப்பாட்டுக்கு?
– வாசகி, லியோன்

காரமும் டானினும் சேர்ந்தால் வாய் எரியும். ஆல்கஹால் அதைக் கூட்டும். 12 சதவீதத்தை ஒட்டிய, லேசாக இனிக்கும் வூவ்ரே தெமி-செக் தேடுங்கள். மீன்குழம்பின் புளிக்கு அதன் புளிப்பு ஈடுகொடுக்கும். அல்சாஸின் வெள்ளை ஒயினான கெவுர்ஸ்ட்ராமினர் எல்லாரும் சொல்வது. ஆனால் அதன் ரோஜா வாசனை நம் மசாலாவோடு சண்டை போடும்.

எத்தனை புட்டி ஊருக்குக் கொண்டுபோகலாம்?
– வாசகர், காரைக்கால்

இந்தியாவுக்குள் பெரியவர் ஒருவருக்கு வரியில்லாமல் 2 லிட்டர். 75 சென்டிலிட்டர் புட்டி இரண்டு என்றால் 1.5; மூன்றாவது 2.25 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில்தான் போக வேண்டும். ஒவ்வொரு புட்டியையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, துண்டில் சுருட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள், ஓரம் தொடக்கூடாது. சந்தையில் ஆறு புட்டி அட்டைப்பெட்டியாகத்தான் விற்க விரும்புவார்கள், ஆனால் வகைக்கு ஒன்றாகக் கலந்து கேட்டால் பலர் தருகிறார்கள். ஆறு புட்டி எட்டு கிலோ சொச்சம். சக்கர வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டே போய்விடுங்கள்.