'ரிமோட் ஃபால்ட்' காட்டினால் சுவிட்சை மாற்ற வேண்டுமா?

கேள்வி: காத்தான்குடியில் எங்கள் புடவைக் கடைக்கும் பின்தெருக் களஞ்சியத்துக்கும் இடையே 10 கிகாபிட் ஃபைபர் நெட்வொர்க் இணைப்பு போட்டிருக்கிறோம். மூன்று நாளாக லிங்க் இல்லை. கடையில் உள்ள நெட்வொர்க் சுவிட்ச் 'ரிமோட் ஃபால்ட்' என்கிறது, களஞ்சியத்துச் சுவிட்ச் 'லோக்கல் ஃபால்ட்' என்கிறது. வயரிங் செய்தவர் இரண்டு சுவிட்சையும் மாற்றச் சொல்கிறார். மாற்றவா?

பதில்: வேண்டாம். காசை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள்.

உங்கள் ஃபைபரில் போவதற்கு ஓர் இழை, வருவதற்கு ஓர் இழை. கடையிலிருந்து வரும் வெளிச்சம் களஞ்சியத்துக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. அதுதான் அங்கே லோக்கல் ஃபால்ட். உடனே அது டேட்டாவை நிறுத்திவிட்டு, 'எனக்குக் கேட்கவில்லை' என்ற அடையாளத்தை மற்ற இழையில் விடாமல் அனுப்புகிறது. அது வந்து சேர்ந்ததால்தான் கடைச் சுவிட்ச் ரிமோட் ஃபால்ட் காட்டுகிறது. 2002இல் 10 கிகாபிட் தரம் வந்தபோதே இந்த ஏற்பாடும் வந்துவிட்டது.

அப்படியென்றால் திரும்பி வரும் இழை நன்றாக இருக்கிறது, செய்தியே அதில்தானே வந்தது! பழுது கடையிலிருந்து போகும் வழியில்: கடை மொடியூலின் (சுவிட்சில் செருகி ஒளியை அனுப்பி வாங்கும் சிறு பாகம்) லேசர், அந்த ஓர் இழை, அதன் கொனெக்டர்கள், களஞ்சியத்து ரிசீவர்.

முதலில் கொனெக்டர் முனைகளைத் துடையுங்கள். கல்லடியில் ஓரிடத்தில் மூன்று மொடியூல் மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இழையின் நடுவிலேயே விரல் எண்ணெய் படிந்திருந்தது. கிளீனர் பேனாவால் இரண்டு தரம் அழுத்தினேன், லிங்க் வந்துவிட்டது. ஃபைபர் முனையை மட்டும் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள், அந்த ஒளி தெரியாது, கண்ணைக் கெடுக்கலாம்.

அப்புறம் களஞ்சியத்துச் சுவிட்சில் ஆர்எக்ஸ் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, பாருங்கள். 10 கிலோமீட்டர் வகை மொடியூல் என்றால் மைனஸ் 14.4 டிபிஎம்முக்கு (ஒளியின் வலுவை அளக்கும் அலகு) கீழே போகக்கூடாது. ஒளியை அளக்கும் பவர் மீட்டர் இல்லாமல் வந்து 'சுவிட்ச் போச்சு' என்று சொல்பவரை நம்பாதீர்கள். சுவிட்சை விற்றால் அவருக்குக் கொமிஷன், முனையைத் துடைத்தால் என்ன கிடைக்கும்? அலுவலகங்களிலும் இதே கதைதான். புதுச் சுவிட்சுக்கு ஒரே நாளில் கையெழுத்து விழுகிறது, பவர் மீட்டர் கேட்டால் கோப்பு மாதக்கணக்கில் மேசையில் கிடக்கிறது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது.

ஒரு விதிவிலக்கு. இடையில் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரைச் செப்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி) வைத்த 1 கிகாபிட் இணைப்புக்கு மேலே சொன்னது பொருந்தாது. சுவிட்சுக்கும் கன்வர்ட்டருக்கும் இடையில் இருப்பது செப்புக் கேபிள். ஃபைபர் அறுந்தாலும் அந்தப் பக்கம் பச்சை லைட் எரிந்துகொண்டேயிருக்கும், சுவிட்சுக்கு ஒன்றும் தெரியாது. ஃபைபர் விழுந்ததும் செப்புப் பக்கத்தையும் விழுத்தும் வசதி சில கன்வர்ட்டர்களில் உண்டு. பல இடங்களில் அதை ஓஃப் செய்தே பூட்டிவிட்டுப் போகிறார்கள், 'லைட் எரியுது, வேலை முடிஞ்சுது' என்று காசு வாங்குவதற்காக. இரு முனைகளும் தாமே பேசி இணைப்பை உறுதிசெய்யும் ஒட்டோ நெகோசியேஷனை நிறுத்திவிட்டு லைட்டை எரிய வைப்பதும் இதே ஏமாற்றுத்தான்: ஓர் இழை அறுந்திருக்கும், ஒரு முனையில் லைட் பச்சையாக நிற்கும், அனுப்பும் டேட்டா எல்லாம் வழியில் காணாமல் போகும்.

துடைத்தும் சரிவராவிட்டால் இரண்டு முனைகளின் டிஎக்ஸ் (அனுப்பும் ஒளி), ஆர்எக்ஸ் எண்களையும் எழுதி அனுப்புங்கள்.