ஃப்ளோரைடு டூத்பேஸ்ட் வாயில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடுமா? குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கொல்லாது. கொடுக்கலாம். 'ஃப்ளோரைடு விஷம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோவைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். ஃப்ளோரைடு அதிகமுள்ள போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். முன்பற்களின் குறுக்கே பழுப்புப் பட்டை, இடையிடையே சுண்ணாம்பு வெள்ளையில் திட்டு. தேய்த்தால் போகாது. பல் ஈறுக்குள் உருவாகும்போதே எனாமலில், அதாவது பல்லின் கெட்டியான வெளிப்பூச்சில், அந்த ஃப்ளோரைடால் விழுந்த கறை அது. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் மாமா என் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பிக்குப் புகையிலைப் பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

அப்படிப்பட்ட நானும் ஃப்ளோரைடு பேஸ்ட்தான் போடுகிறேன். கம்பெனியில் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்பவர்கள் கமெண்ட்டில் தாராளமாகக் கேட்கலாம். எங்கள் ஊரில் அது சின்ன வயதிலிருந்தே குடம் குடமாக வயிற்றுக்குள் போனது. பேஸ்ட்டைத் துப்பிவிடுகிறோம்.

நான் பல் டாக்டர் இல்லை, ஆனால் கறைப் பல்காரன் என்பதால் இதைத் தேடிப் படித்திருக்கிறேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். வாயில் பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று காட்டும் எண்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். ஃப்ளோரைடு இருந்தால் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அங்கே திரும்பப் படியும். அப்படிப் படிவது முன்பைவிட அமிலத்தைத் தாங்கும். சொத்தை குறைவது முக்கியமாக இதனால்தான். பாக்டீரியாவின் எனோலேஸ் என்ற நொதியைத் தடுத்து அமிலத்தையும் கொஞ்சம் குறைக்கும். கூண்டோடு அழிக்கிற சக்தியெல்லாம் அதற்குக் கிடையாது.

மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்காதீர்கள். துப்பியதும் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கவும் வேண்டாம். வீட்டில் போர் தண்ணீர்தான் என்றால் முதலில் அதைச் சோதித்துப் பாருங்கள். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் மாற்ற வேண்டியது குடிதண்ணீரை. பேஸ்ட்டைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

எங்களுக்கெல்லாம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் தொடங்கியது. என் பல் முளைத்து முடிந்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. அப்புறம், கல்யாண ஆல்பத்தில் ஸ்டுடியோக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் என் பல்லையெல்லாம் பளீர் வெள்ளையாக்கி, பில்லில் 'டச்சப்' என்று தனியாகக் காசும் போட்டிருந்தார். அதை இன்னும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.