மனிதரை இயந்திரம் வென்றுவிட்ட ஒரு பலகை விளையாட்டுக்குப் பல்கலைக்கழகத்தில் தனித் துறை தேவையா? கொரியாவின் பாடுக் துறையைக் காப்பாற்றத்தான் வேண்டுமா?

தேவை. காப்பாற்றத்தான் வேண்டும். நான் அந்தத் துறையில் படித்தவன் அல்ல, கொரியா போனதும் இல்லை. 2016-க்குப் பிறகு இணையத்தில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு இன்றுவரை விடாமல் ஆடிவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆங்கிலத்தில் கோ எனப்படும் ஆட்டம்தான் இது; சீனாவில் வெய்ச்சி, ஜப்பானில் இகோ, கொரியாவில் பாடுக். குறுக்கும் நெடுக்குமாக 19 கோடுகள், அவை வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகள். கறுப்பும் வெள்ளையுமாகக் காய்களை மாறி மாறி வைத்து, யார் அதிக இடத்தை வளைக்கிறார் என்று பார்ப்பதுதான் ஆட்டம். வைத்த காயை நகர்த்த முடியாது. எதிரி சுற்றிவளைத்தால் அது பலகையை விட்டுப் போய்விடும். அடிப்படை விதிகள் அவ்வளவுதான். சியோலுக்குத் தெற்கே யோங்கின் நகர வளாகத்தில் மியோங்ஜி பல்கலைக்கழகம் 1997-ல் இதற்கென்று ஒரு துறையைத் தொடங்கியது. பல்கலைக்கழக அளவில் உலகின் முதல் பாடுக் துறை அதுதான். 2025 முதல் புதிய மாணவர்களைச் சேர்ப்பதில்லை என்று 2024-ல் நிர்வாகம் முடிவு செய்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இரவு, இணையத்தில் ஒரு கொரியரிடம் தோற்றேன். வழக்கமாகத் தோற்றவர் ஜன்னலை மூடிவிட்டுப் போய்விடுவார். இவர் போகவிடவில்லை. ஆட்டத்தை முதல் காயிலிருந்து மறுபடி வைக்கத் தொடங்கினார். நாற்பதாவது காய் அருகில் நிறுத்தி, "இங்கே என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டார். நான் நினைத்ததைச் சொன்னேன். தவறு என்று அவர் சொல்லவே இல்லை. நான் நினைத்தது நடக்க வேண்டுமானால் பலகையின் மறுபக்கம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று காட்டினார். முக்கால் மணி நேரம் ஓடியது. ஆட்டத்தை இப்படித் திரும்ப வைத்துப் பேசுவதைக் கொரியர்கள் பொக்கி என்கிறார்கள். ஜெயித்தவரும் தோற்றவரும் சேர்ந்தே செய்வது. உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் தோற்றவர்கூட, முகம் வாடியிருந்தாலும், எழுந்து போகாமல் உட்கார்ந்து பொக்கி செய்வதைப் பார்க்கலாம். எங்கே இப்படிச் சொல்லித்தரக் கற்றீர்கள் என்று கேட்டபோதுதான் மியோங்ஜியின் பெயரை முதன்முதலில் கேள்விப்பட்டேன்.

இந்தத் துறையைப் பற்றிப் பலருக்கு ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. உலக சாம்பியன்களை உருவாக்க வைத்த இடம் என்று நினைக்கிறார்கள். சாம்பியன்கள் பல்கலைக்கழகத்தில் உருவாவதில்லை. லீ சாங்ஹோ சிறுவனாக சோ ஹுன்ஹியுனின் வீட்டிலேயே தங்கிக் கற்று, 1986-ல் 11 வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார். ஷின் ஜின்சியோவுக்கும் அந்தத் தகுதி 12 வயதில் கிடைத்துவிட்டது. கல்லூரிக்குப் போகும் வயதில் அவர்களுக்குப் புதிதாகக் கற்றுத்தர என்ன இருக்கிறது? துறையின் வேலை வேறு. ஏழு வயதுக் குழந்தைக்கும் எழுபது வயதுக்காரருக்கும் எப்படிச் சொல்லித்தருவது, ஆட்டத்தின் வரலாற்றை எப்படி எழுதுவது, வெளிநாட்டவருக்கு எந்த மொழியில் விளக்குவது. ஆட்டத்தைச் சுற்றியிருக்கும் அறிவு முழுவதும் அங்கேதான் ஒரு பாடமாக ஆனது.

வரலாறு என்றதும் சுன்ஜாங் பாடுக் நினைவுக்கு வருகிறது. கொரியர்கள் பல நூற்றாண்டுகளாக ஆடிய பாடுக் இன்றைய வடிவத்தில் இல்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே குறிப்பிட்ட புள்ளிகளில் இரு நிறக் காய்களையும் அடுக்கிவிடுவார்கள். சண்டையின் நடுவே ஆட்டம் ஆரம்பிக்கும். ஜப்பானில் கிதானி மினோருவிடம் பயின்று திரும்பிய சோ நாம்சுல், 1945-ல் ஒரு பாடுக் கழகத்தை நிறுவி நவீன முறையைப் பரப்பினார். இன்றைய கொரியப் பாடுக் சங்கத்தின் வேர் அதுதான். அவர் செய்தது பெரிய காரியம். அதனால்தான் கொரியா உலக அரங்கில் நின்றது. ஆனால் சுன்ஜாங் ஒரே தலைமுறையில் வழக்கொழிந்தது. போட்டியில் ஆடாத ஒன்றைப் பயிற்சிக்கூடங்கள் சொல்லித்தராது, அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதைத் தேடி எழுதி வைப்பது பல்கலைக்கழகத்தின் கடமை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இயந்திரத்துக்கு வருகிறேன். 2016 மார்ச்சில் சியோலில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல், கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என்று வென்றது. இரண்டாவது ஆட்டத்தில் இயந்திரம் வைத்த 37-வது காயை வர்ணனையாளர்களே முதலில் பிழை என்று நினைத்தார்கள். நான்காவது ஆட்டத்தில் செடோலின் 78-வது காயை இயந்திரம் எதிர்பார்க்கவில்லை. 2019-ல் அவர் ஓய்வு பெற்றார். இதை வைத்து "இனி என்ன இருக்கிறது படிக்க" என்று கேட்பவர்களை மதிக்கிறேன், ஆனால் ஏற்க முடியவில்லை. இன்று என் மடிக்கணினியில் ஓடும் நிரல்கூட ஒவ்வொரு காய்க்கும் வெற்றி வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று எண்ணைக் காட்டிவிடும். ஏன் என்று கேட்டால் அதனிடம் சொல் இல்லை. அந்த எண்ணைப் பிடித்து மனிதருக்குப் புரியும் காரணமாக மாற்ற வேண்டும். அன்று என் நாற்பதாவது காயில் அவர் செய்தது அதைத்தான். அந்த வேலைக்கான தேவை 2016-க்குப் பிறகு கூடியிருக்கிறது. உல்சானில் இருக்கும் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2025-ல் லீ செடோலையே சிறப்புப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. ஒரு பக்கம் இப்படி அழைப்பு, இன்னொரு பக்கம் துறைக்கே பூட்டு. எனக்கு மனசு ஆறவில்லை.

பல்கலைக்கழகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அதை நடத்தும் அறக்கட்டளை கடன் சுமையால் நீதிமன்ற மறுசீரமைப்புக்குப் போனது. 2023-ல் கொரியாவின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள், 0.72. பிள்ளைகளே குறையும்போது வகுப்பறைகள் காலியாகும், அதிலும் பாடுக் ஆடும் இளையோர் குறைந்துவிட்டார்கள்.

இந்த ஆட்டத்தில் ஒரு காய்க்கூட்டம் சாகாமல் இருக்க அதற்குள் இரண்டு கண்கள், அதாவது அந்தக் கூட்டமே வளைத்து வைத்த தனித்தனிக் காலி இடங்கள், வேண்டும். ஒரு கண் மட்டும் இருந்தால் எவ்வளவு பெரிய கூட்டமானாலும் எதிரி சுற்றிவளைத்து எடுத்துவிடலாம். தொழில்முறை ஆட்டத்தின் புகழ் என்ற ஒரே கண்ணை நம்பித் துறை நின்றது. கல்வியியல், அறிதிறன் அறிவியல், செயற்கை நுண்ணறிவு என்று இன்னொரு கண்ணை இனிமேலாவது உண்டாக்க வேண்டும். தனித் துறையாக நிற்க முடியாவிட்டால், முதுநிலை ஆய்வு மையமாகவாவது வேறொரு புலத்தோடு சேர்த்து வைக்கட்டும். ஆசிரியர்களும் சேர்த்த ஆவணங்களும் சிதறாமல் ஒரே இடத்தில் இருந்தால் போதும், பெயர்ப்பலகை எதுவானாலும் எனக்குக் கவலையில்லை.

இதற்கு அரசு பணம் தர வழியும் இருக்கிறது. கொரிய நாடாளுமன்றம் 2018-ல் பாடுக் வளர்ச்சிக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது; நவம்பர் 5 அங்கே பாடுக் நாள். சட்டத்தைச் செயல்படுத்தும் பொறுப்பு பண்பாட்டு, விளையாட்டு, சுற்றுலா அமைச்சகத்திடம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஆடுபவர்கள் அந்த அமைச்சகத்துக்கு எழுதலாம். நானும் எழுதினேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பாமல், இந்தத் துறையில் படித்த ஒருவர் எனக்கு என்ன கற்றுத்தந்தார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, அந்த ஆட்டத்தின் பதிவையும் இணைத்தேன். நாற்பதாவது காயைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தேன்.